ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஸ்ப்ரூஸ் காடு

கனடாவில் ஓட்டியதிலேயே எந்தச் சாலை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்பவர்கள், ராக்கி மலையையோ பசிபிக் கரையையோ மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். டிரான்ஸ்-லாப்ரடார் நெடுஞ்சாலை என்று நான் சொன்னதும், "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவள் நான். பிறகு என்னை நிறுத்துவது கஷ்டம்.

நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பெருநிலம் லாப்ரடார். நியூஃபவுண்ட்லாந்து தீவும் இதுவும் சேர்ந்து ஒரே மாகாணம். பரப்பு 2,94,000 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் முப்பதாயிரம் பேர்கூட இல்லை. கியூபெக் எல்லையில், லாப்ரடார் சிட்டி என்ற இரும்புச் சுரங்க ஊருக்கு அருகே இந்தச் சாலை தொடங்குகிறது. கிழக்கே ஹாப்பி வேலி-கூஸ் பே வரை போய், அங்கிருந்து தென்கிழக்கே திரும்பி, அட்லாண்டிக் கரையில் மீண்டும் கியூபெக் எல்லையைத் தொட்டு முடிகிறது. மொத்தம் 1,100 கிலோமீட்டருக்கும் கூடுதல். இருபுறமும் காடு, காட்டுக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் மறுபடி காடு. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ அந்த வரியைச் சொல்லும்போதே உடனே கிளம்பிவிடலாமா என்றிருக்கும்!

மாண்ட்ரியாலில் இருந்து போகிறவர்கள் முதலில் செயின்ட் லாரன்ஸ் நதியோரமாக பே-கோமோ வரை போய், அங்கிருந்து 389 என்ற சாலையில் வடக்கே ஏற வேண்டும். அந்த 389 பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மனிக்-5 அணை மட்டும் போதும்: 214 மீட்டர் உயரம், வரிசையாகக் கான்கிரீட் வளைவுகள். 1968 செப்டம்பரில் அதன் தொடக்க விழாவுக்காக வந்த கியூபெக் பிரதமர் டேனியல் ஜான்சன், விழா நடக்க இருந்த நாளிலேயே அங்கே இறந்துபோனார். அணைக்கு இப்போது அவர் பெயர்தான். அணை தேக்கிய நீர், விண்கல் விழுந்து உண்டான பழம்பள்ளத்தில் வளையமாக நிற்கிறது. அந்த விண்கல் விழுந்து 214 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். இரண்டு 214-ம் தற்செயல்தான். ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது. இன்னும் மேலே போனால் கான்யோன் என்ற ஊர் இருந்த இடம். சுரங்கம் மூடப்பட்டதும் 1985-ல் ஊரையே இடித்துவிட்டார்கள். காட்டின் நடுவே திடீரென்று நடுத்திட்டும் நடைபாதையும் உள்ள அகலத் தெரு ஒன்று வந்து, அதே வேகத்தில் முடிந்துபோகிறது.

எல்லையை ஒட்டி ஃபெர்மோன். ஊரின் வடபுறத்தில் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம், அதுதான் ஊரின் மதில். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க எழுபதுகளில் கட்டியது. வீடுகள், கடைகள், பள்ளி, நீச்சல் குளம் எல்லாம் அதற்குள்ளேயே. பனிக்காலம் முழுக்க வெளியே கால் வைக்காமல் வாழ முடியும். அதன் பின்னால் தாழ்வான சின்னச் சின்ன வீடுகள் காற்றுக்குப் பயப்படாமல் உட்கார்ந்திருக்கின்றன. கட்டடக்கலை படித்தவர்கள் இதைப் பார்க்கவென்றே வரலாம்.

லாப்ரடார் சிட்டியில் பெட்ரோல் நிரப்பி, விடுதி வரவேற்பில் ஒரு சாட்டிலைட் போன் வாங்கினோம். மாகாண அரசு அப்போது பயணிகளுக்கு அதை இலவசமாகக் கடன் கொடுத்தது. ஊர்களைத் தாண்டினால் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால் இதில் காவல்துறையைக் கூப்பிடலாம். வழியில் இன்னொரு ஊரின் விடுதியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்ட அம்மாள், "மூஸ் மான் குறுக்கே வரும், அந்தி நேரத்தில் ஓட்டாதே கண்ணு" என்று சொன்னார். முன்பின் தெரியாத எங்களைச் சாலை நெடுகிலும் எல்லோரும் இப்படித்தான் அழைத்தார்கள். அதைக் கேட்கவே இன்னொரு முறை போகலாம்.

இனி காடு. இந்தக் காட்டைப் பற்றி நான் நிதானமாகத்தான் பேச வேண்டும்.

கறுப்பு ஸ்ப்ரூஸ்தான் இங்கே ராஜா. ஒல்லியாக, நெட்டையாக, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குத்தி நிறுத்தியது போல இருக்கும் மரம். உச்சியில் மட்டும் காய்கள் கொத்தாகத் திரண்டிருக்கும். மணிக்கட்டுத் தடிமன்கூட இல்லாத ஒரு மரத்துக்கு நூறு வயது இருக்கலாம். கோடை குறுகியது, மண் ஏழை, அடியில் கிடப்பதோ பழம்பாறை. அதனால் அவசரமே இல்லாமல் வளர்கிறது. உச்சிக் கொத்தில் இருக்கும் காய்கள் பிசினால் மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விதையைப் பாதுகாக்கின்றன. காட்டுத் தீ வந்து போனால் அந்த வெப்பத்தில் காய் திறந்து, சாம்பல் படிந்த தரையில் விதை உதிர்கிறது. தீ வராத இடத்தில் வேறு வழி: பனி அழுத்திய கீழ்க்கிளை பாசிக்குள் புதைந்து, அங்கேயே வேர்விட்டு, தாய்மரத்தின் காலடியில் தனி மரமாக எழுந்து நிற்கிறது. ஒரு தாயும் சுற்றிலும் ஐந்தாறு குட்டிகளுமாக நிற்கும் கூட்டங்களை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் அப்புறம் கண்ணுக்கு அதுவேதான் படும். என் கணவர் வண்டி ஓட்ட, நான் "அதோ ஒரு குடும்பம்! அங்கே இன்னொரு குடும்பம்!" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

மரங்களுக்கு இடையே தரை வெளுத்துக் கிடக்கிறது. கோடையில் எப்படிப் பனி என்று முதலில் தோன்றும். கிட்டே போனால் லைக்கன்! விரல்கடை உயரத்துக்கு நுரைத்து நிற்கும், காய்ந்திருக்கும்போது காலடியில் நொறுங்கும், மழை பெய்தால் மெத்தென்று ஆகிவிடும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்பது தெரிந்த பிறகு அதன்மேல் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாறையிலிருந்து பாறைக்குத் தாண்டித் தாண்டிப் போனேன். குளிர்காலத்தில் கரிபூ மான்கள் பனியைக் குளம்பால் தோண்டி இதைத்தான் தின்று உயிர் வாழ்கின்றன. ஜார்ஜ் நதி கரிபூ மந்தை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏழு லட்சத்துக்கும் மேல் இருந்தது. இன்று பத்தாயிரத்துக்கும் கீழே. 2013 முதல் லாப்ரடாரில் அதை வேட்டையாடத் தடை இருக்கிறது. உண்ண ஆள் குறைந்த விருந்தாக அத்தனை தூரத்துக்கு வெள்ளைத் தரை விரிந்து கிடப்பதைப் பார்க்கையில் நெஞ்சு கனத்துப் போகும்.

டமராக் மரத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஊசியிலை மரமாக இருந்துகொண்டு இலையுதிர்க்கும் மரம் அது. செப்டம்பர் கடைசியில் சதுப்புகளின் ஓரமெங்கும் அது பொன்னிறமாக மாறும்போது, ஸ்ப்ரூஸின் கரும்பச்சைக்கு முன்னால் ஒவ்வொரு மரமும் தனியாக எரிகிறது. அந்த நிறத்துக்காகவே செப்டம்பரில் போங்கள் என்பேன். கொசுவும் கருப்பு ஈயும் ஓய்ந்திருக்கும்; ஜூலையில் அவை நம் தோலை விடாது. மலைக்குருதிநெல்லி இனத்தைச் சேர்ந்த பார்ட்ரிட்ஜ்பெர்ரி பழுத்திருக்கும். இரவில் வடவொளியும் ஆடலாம். எங்களுக்கு ஆடியது. பச்சையாக, தலைக்கு நேர் மேலே, வண்டியின் பானட்டில் அதன் நிழலாட்டம் தெரியும் அளவுக்கு!

லாப்ரடார் சிட்டியிலிருந்து 240 கிலோமீட்டர் போனால் சர்ச்சில் ஃபால்ஸ். மின் நிலையத்துக்காகவே கட்டிய ஊர். பள்ளி, கடை, விடுதி, நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மின் நிலையமோ தரைக்கு அடியில், சுமார் 300 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்த மண்டபத்தில் இருக்கிறது. 11 டர்பைன்கள், 5,428 மெகாவாட். 75 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த அருவியை எழுபதுகளின் தொடக்கத்தில் இதற்காகத் திருப்பிவிட்டார்கள். 1969-ல் போட்ட ஒப்பந்தப்படி மின்சாரத்தில் பெரும்பகுதி மிக மலிவான விலைக்குக் கியூபெக் போகிறது. அந்த ஒப்பந்தம் 2041 வரை. லாப்ரடார்க்காரர் யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்தால் காபி ஆறிவிடும். இந்த நிலத்தின் பூர்வகுடிகளான இன்னு மக்களின் வலி அதைவிடப் பழையது: அவர்கள் வேட்டையாடிய நிலமும் முன்னோரைப் புதைத்த இடங்களும் அவர்களைக் கேட்காமலே தேக்க நீரில் மூழ்கின. சாலையோரம் நிறுத்திவிட்டு, காட்டுப்பாதையில் நடந்து பழைய அருவியின் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தோம். நீர் குறைந்த பாறைச் சுவர்களே இவ்வளவு கம்பீரமாக இருந்தால் முழு ஆறும் விழுந்தபோது எப்படி இருந்திருக்கும்!

இந்தச் சாலையின் அருமையை முழுதாக உணர 2024 ஜூலையைச் சொல்ல வேண்டும். காட்டுத் தீ நெருங்கியதால் லாப்ரடார் சிட்டி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு 500 கிலோமீட்டருக்கு மேல் இதே சாலையில் கிழக்கே ஓட்டினார்கள். போய்ச் சேர்ந்த ஹாப்பி வேலி-கூஸ் பேயின் மக்கள்தொகையே எட்டாயிரம்தான். தங்களுக்கு ஏறக்குறைய சமமான எண்ணிக்கையில் வந்தவர்களை அந்த ஊர் ஏற்றுக்கொண்டது! 1992-ல் முதல் சரளைச் சாலை கூஸ் பேயை மேற்கோடு இணைக்கும் முன் இப்படி ஒரு தீ வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. சாலை முழுமைக்கும் தார் போட்டு முடிந்தது 2022-ல்தான்.

கூஸ் பேயில் இருந்து அரை மணி நேரத்தில் நார்த் வெஸ்ட் ரிவர். ஆற்றின் இந்தக் கரையில் ஷெஷாட்ஷியு என்ற இன்னு ஊர், அந்தக் கரையில் பழைய ஹட்சன்ஸ் பே கம்பெனிக் கடை. கடை இப்போது அருங்காட்சியகம். அங்கேதான் நான் மீனா ஹப்பர்டின் பக்தை ஆனேன். அவர் கணவர் லியனிடஸ் ஹப்பர்ட் பத்திரிகையாளர். 1903-ல் லாப்ரடாரின் உட்பகுதியைக் கடக்கக் கிளம்பி, தவறான ஆற்றில் ஏறி, உணவு தீர்ந்து, கூடாரத்துக்குள் பட்டினியால் இறந்தார். இரண்டே ஆண்டில் மீனா அதே வேலையை முடிக்க வந்தார். கணவரோடு போய் உயிர் தப்பிய ஜார்ஜ் எல்சன் என்ற வழிகாட்டியையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு, 1905 ஜூனில் இந்தக் கரையிலிருந்து துடுப்பு போட்டார். இரண்டு மாதத்தில் வடக்கே அங்காவா விரிகுடாவை அடைந்துவிட்டார். அதே நேரத்தில் கணவரின் பழைய நண்பர் டில்லன் வாலஸ் போட்டியாகக் கிளம்பிய இன்னொரு குழு பல வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது! நாஸ்காபி, ஜார்ஜ் நதிகளுக்கு மீனா வரைந்த வரைபடம் அன்றைக்குச் சிறந்தது. ஆற்றங்கரையில் நின்று, இந்தப் பெண்மணிக்குப் பெரிதாக ஒரு சிலை வையுங்களேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

மீனாவுக்கு வழி தெரிந்தது, வழி தெரிந்தவர்களை நம்பியதால். அந்த நிலத்தை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அறிந்தவர்கள் இன்னு மக்கள். ஷெஷாட்ஷியுவின் எலிசபெத் பெனஷுவே என்ற மூதாட்டி, எண்பதுகளில் கூஸ் பே விமானத் தளத்தின் தாழப் பறக்கும் பயிற்சிகளை எதிர்த்து மற்ற பெண்களோடு ஓடுபாதையில் போய் உட்கார்ந்து சிறை சென்றவர். பிறகு பல ஆண்டுகள், பனிக்காலம் முடியும் தறுவாயில், இளையவர்களைக் கூட்டிக்கொண்டு பனிக்காலணியில் காட்டுக்குள் நடந்தார். சாலை வழியாக மட்டும் இந்தக் காட்டைப் பார்த்த எனக்கு, அவர்கள் நடக்கும் காடு எத்தனை பெரியது என்பது அங்கே கொஞ்சம் புரிந்தது.

கூஸ் பேயை விட்டுக் கிளம்பினால் போர்ட் ஹோப் சிம்சன் வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இடையில் ஊர் இல்லை, பெட்ரோல் இல்லை, டீக்கடை இல்லை. 2009 டிசம்பரில் திறந்த இந்தத் துண்டுதான் மேற்கையும் கடற்கரையையும் ஒன்றாக்கியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. வடக்கே மீலி மலைகள் வெளிறிய நீலத்தில் கூடவே வருகின்றன. 2015-ல் அந்த மலைகள் தேசியப் பூங்காக் காப்பகம் ஆயின. எதிரே வண்டி வந்தால் ஓட்டுநர் கை தூக்குவார். நாமும் தூக்க வேண்டும். ஓரமாக நிறுத்தி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடந்து போகிற லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா?" என்று கேட்காமல் போவதில்லை. அப்படிக் கேட்ட ஒருவரிடம் ஒன்றுமில்லை, லைக்கன் பார்க்கிறோம் என்றதும் அவர் இறங்கி வந்து, எந்தச் சதுப்பில் பேக்ஆப்பிள் பழம் நன்றாக விளையும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். தங்கள் பழ இடத்தை யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள் என்று பிறகு ஊருக்குள் கேள்விப்பட்டபோது அந்த மனிதரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடற்கரை ஊர்களில் சாலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோடையில் கப்பல், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல், இரண்டுக்கும் இடையே வாரக்கணக்கில் எதுவும் இல்லை. அப்படித்தான் வாழ்ந்தார்கள். 1992 ஜூலையில் காட் மீன்பிடிக்குத் தடை வந்து பிழைப்பே போனது. அந்த ஊர்கள் காலியாகாமல் தாக்குப்பிடித்ததில் நண்டு, இறால் ஆலைகளுக்கும் பின்னால் வந்த சாலைக்கும் பங்கு உண்டு. மேரீஸ் ஹார்பரில் ஒரு பாட்டி, பேரனின் ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கக் காரில் போய் வருவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எந்த அமைச்சரின் திறப்புவிழாப் பேச்சும் தர முடியாது. இந்தப் பக்கத்தில் கடிகாரமும் மாறுகிறது: நியூஃபவுண்ட்லாந்து நேரப்படி அரை மணி முன்னால். இந்தியாவின் அரை மணிக்குப் பழகிய எனக்கு அது சொந்தமாகப்பட்டது.

ரெட் பே வந்ததும் மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து திமிங்கலம் பிடிக்க ஆண்டுதோறும் வந்தவர்களின் துறைமுகம் இது. இங்கே உருக்கிய எண்ணெய் ஐரோப்பாவின் விளக்குகளில் எரிந்தது. செல்மா பார்க்கம் என்ற பெண் ஆய்வாளர் ஸ்பெயினின் ஆவணக் காப்பகங்களில் பழைய காகிதங்களைப் புரட்டிப் புரட்டி இந்த ஊரைக் கண்டுபிடித்தார். 1565-ல் இங்கே மூழ்கிய சான் ஹுவான் என்று கருதப்படும் கப்பலை, அவர் காட்டிய வழியில் 1978-ல் நீருக்கடியில் கண்டார்கள். 2013-ல் ரெட் பே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. படகில் எதிரே உள்ள சாடில் தீவுக்குப் போனால், அவர்கள் கூரைக்குக் கொண்டுவந்த சிவப்பு ஓடுகளின் துண்டுகள் இன்றும் கரையில் கிடக்கின்றன. திமிங்கலக்காரர்களின் கல்லறைகளும் அங்கேயே. நான்கரை நூற்றாண்டு!

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லான்ஸ் அமூர். சாலையோரம் கற்குவியல் ஒன்று. அடியில் சுமார் 7,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு சிறுவர் இருந்தார். பக்கத்தில் வால்ரஸ் தந்தம், ஈட்டி முனைகள், எலும்பால் செய்த ஊதல். யாரோ அந்தப் பிள்ளையை எத்தனை பிரியத்தோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள்! இன்னும் சற்றுத் தள்ளி 33 மீட்டர் உயரத்தில் பாயின்ட் அமூர் கலங்கரை விளக்கம், 1850-களில் கட்டியது. படி ஏறினால் லாப்ரடாரையும் நியூஃபவுண்ட்லாந்தையும் பிரிக்கும் ஜலசந்தியும் பருவமிருந்தால் மிதந்து வரும் பனிப்பாறைகளும் தெரியும்.

கியூபெக் எல்லையைத் தாண்டி பிளாங் சப்லோனில் படகேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நியூஃபவுண்ட்லாந்து. இந்த மாகாணத்தைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. 1986 ஆகஸ்டில், தீவின் தென்கிழக்கு முனைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களைக் கரைசேர்த்தவர் கஸ் டால்டன் என்ற மீனவக் கேப்டன். அவருக்கு உதவியாக வேறு படகுகளும் வந்தன. சாலை நெடுகிலும் வண்டியை நிறுத்தி "எல்லாம் சரியா?" என்று கேட்ட மனிதர்களைப் பார்த்த பிறகு, டால்டன் செய்தது எனக்கு வியப்பாகவே இல்லை; இந்த மாகாணத்தின் வழக்கமே அதுதான்.

சாலை இன்னும் போய்ச்சேராத ஊர்களும் உண்டு. நெயின், ஹோப்டேல், மக்கோவிக், போஸ்ட்வில், ரிகோலெட் என்ற இன்யூட் ஊர்களுக்கும், நட்டுவாஷிஷ் என்ற இன்னு ஊருக்கும் கோடையில் கப்பல், மற்ற நாளில் சிறு விமானம். ஆனால் பனி உறைந்துவிட்டால் காடு முழுக்கச் சாலைதான். ஒன்றுவிட்டு ஒரு ஆண்டு மார்ச் மாதத்தில் லாப்ரடார் சிட்டியிலிருந்து கெயின்ஸ் குவெஸ்ட் என்ற ஸ்னோமொபைல் பந்தயம் கிளம்புகிறது. இருவர் இருவராக 3,000 கிலோமீட்டருக்கும் மேல், கடற்கரை ஊர்களைத் தொட்டுத் திரும்பும் ஓட்டம். வண்டிகள் வந்து சேரும்போது ஊரே பனியில் இறங்கி நின்று வரவேற்குமாம். என் கணவரிடம் சொல்லிவிட்டேன்: அடுத்த மார்ச் பந்தயத்துக்குத் தடித்த கோட்டும் பனி டயரும் வாங்கியாக வேண்டும், கிளம்பும் கோட்டருகே முதல் வரிசையில் நாம்தான் நிற்கப்போகிறோம்.